அரை நிமிடத்துக்கு ஒரு பார்வையாளர்

"ரூம காலி பண்ணிக் குடுத்துடுங்க சார். தை பொறந்தா உர மூட்ட வந்து எறங்கிடும்" என்று ஏழுமலை சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் திருக்கனூரில் உரக்கடை வைத்திருப்பவர், கரும்பு விவசாயிகள் சங்கத்துச் செயலாளர். அவர் கடையின் பின்னறையில்தான் சங்கத்தின் வீடியோ சர்வரை நான் நடத்திக்கொண்டிருந்தேன். செவ்வழுகல் நோயைக் கண்டுபிடிப்பது, மோட்டாருக்குக் கெபாசிட்டர் மாற்றுவது என்று நானே படம் பிடித்து, நானே பேசி, வாரம் ஒன்று ஏற்றுவேன்.

ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு, ஒதியம்பட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏற எனக்கிருந்த ஒரே காரணம் அந்த அறை. இதை ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது?

"யாராச்சும் பாக்குறாங்களா சார் மொதல்ல? நெறைய பேரு பாத்தா ரூம் உங்களுக்கே."

யார் எங்கள் வீடியோ பக்கத்தைத் திறந்தாலும் சர்வரின் வருகைப் பதிவேடான லாகில் ஒரு வரி விழும். அந்த வரிகளை எண்ண ஸ்கிரிப்ட் என்ற குட்டி புரோகிராம் ஒன்று வைத்திருந்தேன். ஓட்டிக் காட்டினேன். நாளொன்றுக்கு மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

"இன்னா சார் இது! நம்ம கொம்யூன் பஞ்சாயத்துல அத்தினி பேரு கரும்பே போடலியே!" என்றார். ஆனாலும் சந்தோஷம்தான். அறை தப்பியது.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். முப்பது வருஷம் சர்வர் ரூமில் குப்பை கொட்டியவன் நான். வரியை எண்ணினேனே தவிர, எந்த மெஷினின் முகவரியிலிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. பார்க்க மனசில்லை என்பதே உண்மை.

மாட்டுப் பொங்கலன்று மாட்டிக்கொண்டேன். ஊரே மாட்டைக் குளிப்பாட்டி கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த நாளில், லாகில் மட்டும் அதே எண்ணிக்கை. வேறு வழியில்லாமல் முகவரியைப் பார்த்தேன். 127.0.0.1. அது மெஷின் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் முகவரி.

விஷயம் இதுதான். சர்வர் மென்பொருளைத் தனித்தனி டப்பாக்களாகப் பிரித்து ஓட்டுகிறோம், அவைதான் கன்டெய்னர்கள். ஒரு கன்டெய்னர் உயிரோடு இருக்கிறதா என்று முப்பது செகண்டுக்கு ஒருமுறை மெஷினையே அதன் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்லலாம். பெயர் ஹெல்த்செக். நானே என் கையால் எழுதி வைத்தது. அது திறக்கும்போதெல்லாம் விழுந்த வரிகளைக் கழித்தேன். மிச்சம் நாலு. நாலும் ஒரே போனிலிருந்து.

சொல்லாமல் விட்டால் அறை என்னுடையது. இரண்டு நாள் அப்படியும் இருந்து பார்த்தேன், முடியவில்லை. போய்ச் சொன்னேன்.

"அப்ப உங்கள நீங்களே பாத்துனு இருந்தீங்களா சார்?" என்று ஏழுமலை விழுந்து விழுந்து சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. நானும் கூடச் சிரித்துவிட்டு, சர்வரை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியின் தையல் மெஷின் மேல் வைத்தேன். அதன்பிறகு வாராந்திர வீடியோவையும் வீட்டிலிருந்தே ஏற்றினேன், வெளியே போக வேலை இல்லை.

மாசியில் ஜுரம் வந்து படுத்தேன். கஞ்சி வைக்கக்கூட எழவில்லை. எதிரே ஸ்கிரீனில் கன்டெய்னருக்கு நேராக 'ஹெல்த்தி' என்றே காட்டிக்கொண்டிருந்தது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை அதை நலமா என்று கேட்க ஆள் இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது, சிரிக்காதீர்கள்.

இரண்டாவது வாரம் போன் அடித்தது. ஒவ்வொரு வீடியோ முடிவிலும் என் நம்பரைச் சொல்வேன். அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

"சார், உறுவையாறு கலியபெருமாள் பேசுறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது. வியாழக்கெழம ஆனா புது வீடியோ வரும், ரெண்டு வாரமா காணோமே. இன்னா சார், ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"ஜுரம்" என்றேன்.

"வூட்ல யாரும் இல்லியா? அட, ஒரு போன் பண்ணக்கூடாதா சார்" என்று அவர் கோபித்துக்கொண்டார், ரொம்ப நாள் பழகியவர் மாதிரி.

கன்டெய்னர் ஓட்டும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஹெல்த்செக் கட்டாயம் போடுங்கள், ஆனால் அதை லாகில் எழுதவிடாதீர்கள், நானும் நிறுத்திவிட்டேன். எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல் முகவரியைப் படியுங்கள்.

அடுத்த வியாழன், கட்டிய தொண்டையோடு ஒரு வீடியோ ஏற்றிவிட்டு லாகைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் ஒரு வரி விழுந்தது. முகவரியைப் படித்தேன். என்னுடையது இல்லை.