எத்தனாலுக்குக் கால் உண்டு

அந்தப் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வக உதவியாளரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சம்பளப் பதிவேட்டில் ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். மாணவிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் அவர் மூக்கண்ணன். பார்வைக்கு அது சாதாரண மூக்குதான், செய்த வேலைதான் சாதாரணமில்லை. லேபிள் உரிந்துபோன பாட்டிலைத் திறந்து, வாயருகே கையை இரண்டு முறை விசிறி, இது அசிட்டோன், இது போன வருஷத்து எஸ்டர், வாழைப்பழ வாசனை போய்விட்டது, கொட்டிவிடலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். பாட்டிலுக்குள் நேராக மூக்கை விடுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைத்தால் திட்டுதான் விழும், அம்மோனியாவில் நுழைத்தால் ஆளே விழுந்துவிடுவாய் என்பார்.

இருபத்து நான்கு வருடம் அப்படி ஓடியது. அதற்குப் பிறகு கண் அவர் கழுத்தை அறுத்தது.

விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே போகிறது, போனது போனதுதான் என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். பாழாய்ப்போன நோய் அது. ஓரமெல்லாம் தெரியும். கதவு தெரியும், மேஜை தெரியும், ஆள் வருவது தெரியும். எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் தெரியாது, அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் அழுக்கு நிற்கும். அதனால் எல்லோரையும் தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார். இந்த வயதில் இந்த ஆளுக்கு என்ன கொழுப்பு என்று அலுவலகப் பெண்மணி ஒருவர் புகார் கொண்டுபோக, மூக்கண்ணனாவது கொழுப்பாவது என்று தலைமையாசிரியர் சிரித்து அனுப்பினார். அந்தச் சிரிப்பில் அவர் வேலை தப்பியது.

இரண்டு வருடம் இப்படியே ஓட்டியும் ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. பார்வை இல்லாதவரை அமிலம் புழங்கும் அறையில் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். நடுவில் வெளியே போனால் முழு ஓய்வூதியம் கிடையாது, வீட்டில் சம்பாதிக்க வேறு ஆளும் கிடையாது. எப்பாடு பட்டாவது இந்தப் பதினான்கு மாதத்தை ஒப்பேற்றிவிட வேண்டும். காலையில் எழுந்தால் இதே நினைப்பு, படுத்தால் இதே நினைப்பு.

அந்தந்த வாரச் சோதனைகளின் பட்டியலை வீட்டுக்குக் கொண்டுபோவார். மனைவி வாசிப்பாள், அவர் மனப்பாடம் செய்வார். அவள் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். அந்தப் பெயர்கள் அவள் வாயில் நுழைந்தால்தானே. அதிலும் எத்தனாலும் எத்தனலும் அவர்கள் இருவர் உயிரையும் வாங்கின. எத்தனால் என்பது ஆல்கஹால். அதிலிருந்து இரண்டு ஹைட்ரஜனைப் பிடுங்கினால் எத்தனல், அது ஆல்டிஹைடு. வாசனை வேறு, குணம் வேறு. எழுத்தில் மட்டும் ஒரே ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். நீட்டா, குறுக்கா என்று அவர் மறுபடி மறுபடி கேட்பார். ஒருநாள் அவள் தாளைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீட்டுதாங்க. என் வாழ்க்கையும் ஒரு எத்தனாலதான் போச்சு."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவள் அழுதாள்.

பொதுத்தேர்வின் செய்முறைப் பட்டியலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. தேர்வன்று காலை எட்டு மணிக்குத்தான் உறையைப் பிரித்தார்கள். வேதியியல் டீச்சர் தன் கையால் எழுதிய பட்டியலின் ஒரு பிரதியை அவரிடம் கொடுத்து, எண் பார்த்துப் பாட்டில்களை நிரப்பச் சொன்னார். மூக்கண்ணன் அதைப் பொருள் அறையின் ஜன்னலோரம் கொண்டுபோய், கழுத்தை ஒடித்து ஒடித்து ஓரக்கண்ணால் எழுத்துக் கூட்டினார். ஆறு வரை எப்படியோ வந்துவிட்டது. ஏழாவது எத்தனாலா எத்தனலா? டீச்சர் போடும் துணைக்கால் கொசுவின் கால் அளவுதான் இருக்கும். யாரிடம் கேட்பது? கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். இருந்த கால் அவருக்குத் தெரியவில்லை. குளிர்ப்பெட்டியைத் திறந்து எத்தனல் கரைசலை எடுத்து முகர்ந்து, சந்தேகமே இல்லை என்று ஏழாம் எண் பாட்டிலில் ஊற்றினார்.

அந்தப் பாட்டில் ஆறு பெண்களுக்குப் போனது. டாலன்ஸ் சோதனையில் ஆறு பேருக்கும் குழாயின் உள்பக்கம் வெள்ளி படிந்து கண்ணாடியாகிவிட்டது. ஆல்டிஹைடு இருந்தால்தான் அப்படி ஆகும். ஒருத்தி சந்தோஷத்தில் அவரிடம் குழாயை நீட்டி, முகம் தெரிகிறது பாருங்கள் என்று கிசுகிசுத்தாள். அழகாக இருக்கிறதம்மா என்று அவர் வேறு எங்கோ பார்த்துச் சொன்னார். தேர்வு முடிந்ததும் குழாய்களை எல்லாம் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டுப் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்துவிட்டார்.

மதியம்தான் இடி விழுந்தது. வேறு பள்ளியிலிருந்து தேர்வாளராக வந்திருந்த அம்மா விடைத்தாள்களைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். ஏழாம் எண்ணுக்கு விடை ஆல்கஹால். ஆறு பேரும் ஒன்றுபோல ஆல்டிஹைடு என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி தப்பாக எழுதினால் தப்பு, ஆறு பேர் ஒரே தப்பை எழுதினால் பார்த்து எழுதியது என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். அதற்குத் தண்டனையாக இரண்டு வருடம் தேர்வே எழுத முடியாது. ஆறு பேரையும் வரவழைத்துவிட்டார்கள்.

"கண்ணாடி வந்துச்சு டீச்சர். சத்தியமா வந்துச்சு," என்றாள் காலையில் குழாயை நீட்டிய பெண்.

ஆல்கஹாலில் எப்படிக் கண்ணாடி வரும் என்று கேட்டார் தேர்வாளர். குழாயைக் காட்டச் சொன்னார். குழாய்தான் கழுவியாகிவிட்டதே. எதற்கும் ஏழாம் எண் பாட்டிலைச் சோதித்துவிடலாம் என்று வேதியியல் டீச்சர் கெஞ்சினார். அதைக் கொண்டுவரச் சொல்லி மூக்கண்ணனை அனுப்பினார்கள்.

பொருள் அறையில் பாட்டிலைத் திறந்து விசிறினார். அழுகத் தொடங்கிய ஆப்பிள் மாதிரி ஒரு குத்தல் ஏறியது. எத்தனல். பட்டியலில் இருந்தது எத்தனால். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

எத்தனால் பாட்டில் வலப்பக்கம் இரண்டாம் தட்டில் இருந்தது. கண்ணே வேண்டாம், கை தானாகப் போகும். இதைத் தொட்டியில் கொட்டி, ஒரு அலசு அலசி, அதை ஊற்றினால் தீர்ந்தது. அரை நிமிட வேலை. பட்டியலும் சரி, பாட்டிலும் சரி, பதினான்கு மாதமும் பத்திரம். கை போயேவிட்டது. எத்தனாலின் மூடியைத் திறந்தும்விட்டார். கதவுக்கு வெளியே அந்தப் பெண் விசும்புவது கேட்டது. அப்பா என்னைப் படிக்கவே விடமாட்டார் என்று இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூக்கண்ணன் டீச்சரின் கையெழுத்தைச் சபித்தார், தன் கண்ணைச் சபித்தார், தன்னைப் பெற்றவர்களையும் விடவில்லை. வீட்டில் மனைவியிடம் என்னவென்று சொல்வது? ஓர் எத்தனால் இன்றைக்கு ஆறு பெண்கள் கெடப்போகிறார்கள், அந்த எத்தன் நான்தான் என்று தோன்றியபோது மூடியைத் திருகி மூடினார்.

ஏழாம் எண் பாட்டிலை அப்படியே கொண்டுபோய் மேஜையில் வைத்தார். நீங்களே சோதித்துக் காட்டுங்கள் என்றார் தேர்வாளர். மூக்கண்ணன் வெள்ளி நைட்ரேட் எடுத்தார். ஒரு சொட்டு காரம் விட்டார். அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டார். இருபத்தாறு வருடத்துக் கை, ஒரு சொட்டும் பிசகவில்லை. பாட்டில் கரைசலைச் சேர்த்து, குழாயை வெந்நீர் பீக்கரில் இறக்கினார். ஆறு பெண்களும் மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

இரண்டு நிமிடம் கழித்துக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நேராகப் பார்த்தார். சாம்பல் அழுக்குதான் நின்றது. தலையைத் திருப்பினால் ஓரத்தில் மினுக்கம் தெரிந்திருக்கும். திருப்பித் திருப்பி அவருக்கு அலுத்துப்போயிருந்தது. பழக்கத்தில் முகர்ந்து பார்த்தார், அம்மோனியாதான் அடித்தது. கண்ணாடிக்கு வாசனை கிடையாது.

"என்ன வந்திருக்கு, சொல்லுங்க," என்றார் தேர்வாளர்.

"கண்ணாடி விழுந்திருக்காம்மா? நீங்கதான் பாத்துச் சொல்லணும். எனக்குத் தெரியல."

தேர்வாளருக்கு விளங்கவில்லை. வேதியியல் டீச்சர் பட்டியலை இழுத்து ஏழாவது வரியைப் பார்த்தார். தான் போட்டிருந்த அந்தக் கொசுக்காலின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிமிரவே இல்லை. காலையில் குழாயை நீட்டிய பெண்தான் பதில் சொன்னாள்.

"விழுந்திருக்கு அண்ணா. உங்க முகம் தெரியுது."

தேர்வாளர் ஆறு பேர் மேல் எழுதி வைத்திருந்த புகாரைக் கிழித்தார். பிறகு வேறொரு தாளை எடுத்து, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். இரண்டு வருடமாக என்று சொல்லிவிட்டு மூக்கண்ணன் குழாயைக் கழுவத் தொட்டிப் பக்கம் போனார். வேதியியல் டீச்சர் பின்னாலேயே வந்து அவர் கையைப் பிடித்தார்.

"குடுங்கண்ணா. நான் கழுவிக்கிறேன்."

இருபத்தாறு வருடத்தில் அவர் கையிலிருந்து யாரும் ஒரு குழாயை வாங்கியதில்லை. கொடுத்துவிட்டார்.