ஈரம் போதும் என்றது போன்

போன வாரம் ஒரு காலை. பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, எல்லையோர ஊரான எருத்தேன்பதியிலிருந்து சரசக்கா போன் செய்தார்.

"ஏனுங்க தம்பி, உங்க பெட்டி ஈரம் போதும்ங்குது. இங்க மண்ணு வெடிச்சுக் கெடக்குதுங்க."

நுரையை அப்படியே விழுங்கிவிட்டேன்.

அவர் தோட்டத்தில் நான் பொருத்திய கருவி அது. மண்ணில் ஒரு சென்சார் கம்பி. ஈரம் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும், போனுக்கும் தகவல் வரும். அதை நம்பித்தான் அக்கா மூன்று நாள் பொள்ளாச்சியில் கல்யாணம் கொண்டாடினார். திரும்பி வந்தால்... அரை ஏக்கர் தக்காளி நாற்று தலை தொங்கிக் கிடக்கிறது!

நான் போய்ச் சேருவதற்குள் அவரே மோட்டாரைப் போட்டுவிட்டார். நாற்று பிழைக்குமா? சாயங்காலம்தான் தெரியும். அதுவரை நான் எங்கே ஒளிவது?

அக்காவின் போனை மூன்று முறை அணைத்துப் போட்டேன். எல்லையோரம் அல்லவா... இரண்டு மாநில டவர்களையும் பாரபட்சமின்றித் திட்டினேன். கடைசியில் மோட்டார் ரூமில் லேப்டாப்பைத் திறந்தேன்.

என் புரோகிராமில் தப்பில்லை. சென்சாரைப் படிக்க இணையத்திலிருந்து எடுத்துப் போட்ட லைப்ரரி, அதாவது ஆயத்த புரோகிராம் துண்டு, ஒன்று இருந்தது. யாரோ எழுதியது. அன்றுதான் முதல்முறை உள்ளே பார்க்கிறேன். ஒரு மூலையில் நாலே வரி. 'எந்தக் கோளாறு வந்தாலும் வெளியே சொல்லாதே. கடைசியாகக் கிடைத்த அளவையே திரும்பக் கொடு.'

அடப்பாவி! மூன்று நாளாகப் பழைய ஈரத்தையே ஒப்பித்திருக்கிறது.

அந்த வரிகளைத் தூக்கிவிட்டு புரோகிராமை ஓட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு – 'சென்சார் பதில் தரவில்லை'. சிவப்பைப் பார்த்தாலே லேப்டாப்பை மூடிவிடுகிற நான், அன்று ஒரு குத்தாட்டமே போட்டேன்.

சரி, சென்சார் எங்கே? அக்கா என் தலைக்கு மேலே கை காட்டினார். ஆணியில் தொங்குகிறது! ஊருக்குக் கிளம்பும் முன் களையெடுத்தார்களாம்.

"கொத்து பட்டு ஒடைஞ்சிருமேன்னு கழட்டி, கழுவி மாட்டி வெச்சனுங்க."

அவரைக் குறை சொல்வானேன்? கோளாறை மறைத்தது அந்த லைப்ரரிதான். நெஞ்சு கரித்தாலும், வீட்டில் கேட்டால் 'ஒண்ணுமில்லையே' என்கிறவன்தானே நான்... என்னிடமும் அதே நாலு வரி!

சாயங்காலம் நாற்றுகள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. எனக்கும் தூக்கியது. அதற்குள் சென்சாரை மண்ணில் திரும்ப நட்டு, கோளாறு வந்தால் போனுக்குத் தகவல் போகும்படியும் செய்திருந்தேன். சோதித்துக் காட்டலாம் என்று சென்சாரை மறுபடி கழற்றினேன். அக்காவின் போன் உடனே அலறியது – 'ஈரம் தெரியவில்லை, போய்ப் பாருங்கள்.'

அக்கா நிதானமாகப் படித்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா, பந்தியில பாயசத்த உட்டுப்போட்டு ஓடி வந்திருப்பனுங்களே தம்பி."