'ஆச்சு' என்று சொல்லும் முன்

போன செவ்வாய்க்கிழமை காலை தாம்பரம் ஸ்டேஷன் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். யூசுப்பின் அண்ணன் அன்வர் போன் செய்தார். "தம்பி, யூசுப் போயிட்டான்பா." எங்கே என்று கேட்டேன். அப்படியொரு மடையன் நான்.

பதினொரு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து புரோகிராம் எழுதினோம். டயாலிசிஸ் மையங்களுக்கான மென்பொருள்; எந்த நோயாளி என்றைக்கு வர வேண்டும் என்று நினைவூட்டும். அவனோடு வேலை பார்த்து, இன்று அவன் நினைவாக இங்கே கூடியிருக்கும் உங்களுக்குத் தெரியும், இன்டர்ஃபேஸ் என்ற சொல் இல்லாமல் அவனுக்குப் பொழுது போகாது. "என்ன செய்யணும்னு மட்டும் எழுதி வை மச்சான். எப்படிங்கறது செய்யறவன் பாடு" என்பான். 'தகவல் அனுப்பு' என்று ஓர் இன்டர்ஃபேஸ் எழுதினான். அனுப்புவது எஸ்எம்எஸ்ஸா, வாட்ஸப்பா, குரல் அழைப்பா என்பது மற்ற புரோகிராமுக்குத் தெரியவே வேண்டாம். "ஒரு மெசேஜுக்கு இவ்ளோ பந்தாவா?" என்று ஓட்டினேன். ஒரு நாள் எஸ்எம்எஸ் சேவை படுத்துவிட்டது. வாட்ஸப்புக்கு மாற்ற அவனுக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆனது.

குரல் அழைப்பு என் பொறுப்பு. இன்டர்ஃபேஸ் கேட்கும் மெத்தட், அதாவது அந்த வேலையைச் செய்யும் புரோகிராம் துண்டு, பெயருக்கு இருந்தால் போதும்; உள்ளே வேலை நடக்கிறதா என்று, எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் பார்க்காது. அவசரத்தில் உள்ளே ஒன்றும் எழுதாமல், 'அனுப்பியாச்சு' என்று பதில் மட்டும் தரும்படி விட்டேன். பிறகு எழுதலாம் என்று நினைத்து மறந்தே போனேன். ஊரப்பாக்கத்தில் ஒரு பெரியவருக்கு உடம்பில் நீர் கூடியதால் டயாலிசிஸை ஒரு நாள் முன்னதாக மாற்றியிருந்தார்கள். அவருக்கு அழைப்பு போகவே இல்லை. பழைய தேதிப்படி மறுநாள்தான், மூச்சுத் திணறலோடு வந்து சேர்ந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

யூசுப் கத்தவில்லை. என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் அவரிடம் மன்னிப்புக் கேட்க வைத்தான். திரும்பி வந்து, என் வெற்று மெத்தடுக்குள் ஒரு வரி எழுதினான்: 'இது இன்னும் எழுதப்படவில்லை' என்று அறிவித்துவிட்டு அங்கேயே நின்றுவிடும் வரி. "முடியலன்னா முடியலன்னு சொல்லு. ஆச்சுன்னு மட்டும் சொல்லாத. அங்க ஒருத்தன் நம்பி குந்திகினு கீறான்." கோபம் வந்தால்தான் அவனுக்கு அந்தப் பேச்சு வரும்.

கடைசி ஆறு மாதம் இளைத்துக்கொண்டே போனான். "உடம்பு எப்படிடா இருக்கு?" என்று தினமும் கேட்பேன். "சூப்பரா இருக்கேன் மச்சான், வேலையப் பாரு" என்பான். பதில் வந்ததே போதும் என்று கம்பைலர் மாதிரி நானும் திரும்பிக்கொண்டேன். டாக்டர்கள் அப்போதே கைவிரித்திருந்தார்கள் என்று அன்வர் அண்ணன் சொல்லித்தான் தெரியும். டேய் யூசுப், ஊருக்கெல்லாம் சட்டம் பேசினாயே, எனக்கு மட்டும் வெற்று மெத்தடா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடக்கம் முடிந்து வெளியே வரும்போது அன்வர் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ எப்படிப்பா இருக்கே?" என்று கேட்டார். வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நல்லா இல்லண்ணா" என்றேன்.

யூசுப் எனக்கு எழுதிக்கொடுத்த வரி அது. அதை அழிக்கமாட்டேன்.