கலங்கிப்போன டென்மார்க் பியர்

தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாருக்குச் சரக்கு அனுப்பும் ஒயின் ஸ்டோர் ஒன்றில், கண்டி டவுனில், வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே ஸ்டோர் கீப்பர் சூசை ஐயா ஒரு டென்மார்க் பியர் போத்தலைக் கையில் கொடுத்தார். வைக்கோல் உறையைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். அடியில் வண்டல் இல்லை, நடுவில் தூசி இல்லை. தேன் நிறம். அப்படி இல்லாத போத்தலைக் கழிப்பதுதான் என் வேலை.

அந்தப் பியரின் கதையையும் அவர்தான் சொன்னார். முன்பெல்லாம் பியர் ஒரு தடவை நன்றாக வரும், மறு தடவை புளித்துப்போகுமாம். அந்தக் கம்பெனியில் படித்த ஒருவர் பியரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டில் நல்லதை மட்டும் தனியாகப் பிரித்து வளர்த்தாராம். அதை மறைத்து வைக்காமல் மற்றக் கம்பெனிகளுக்கும் சும்மாவே கொடுத்தார்களாம். கப்பலில் அத்தனை தூரம் வந்தும் ருசி மாறாது. துரைமார் அதையே கேட்பார்கள். கறுத்த இங்கிலீஷ் பியர் விலைபோகாமல் பெட்டியிலேயே கிடக்கும்.

ஒரு நாள் துரைமாரின் கிளப்பில் டென்னிஸ் பந்தயம். அதற்காக முந்தின நாள் அனுப்பிய நாலு பெட்டி பியரும் மத்தியானம் திரும்பி வந்தன. கூடவே கிளப் பட்லர் அப்புவும் வந்தார். போத்தல் எல்லாம் கஞ்சித்தண்ணீர் மாதிரிக் கலங்கியிருந்தது. எங்கள் ஸ்டோர் மனேஜர் துரைக்கு முகம் சிவந்துவிட்டது.

"எல்லாம் சாக்கடைக் கானில ஊத்து. இந்தப் பொம்பளை நாளைக்கு வேணாம்," என்றார் என்னைக் காட்டி, தெரிந்த அரைகுறைத் தமிழில்.

என் கூலியில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனாலும் பயத்தைவிட ரோசம்தான் வந்தது. ஒவ்வொரு போத்தலையும் பார்த்துத்தானே அனுப்பினேன். ஒன்றைத் தொட்டேன், குளிரில் விரல் விறைத்தது. அப்புவிடம் கேட்டேன். விடியற்காலையிலிருந்து உப்புப் போட்ட ஐஸில் புதைத்து வைத்தாராம்.

"ஐயா, மார்கழிக் குளிருல நம்ம தேங்கெண்ணெ வெள்ளையா உறையுதே, அது கெட்டா போவுது? கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க," என்றேன் சூசை ஐயாவிடம். அவர் அதை இங்கிலீஷில் சொன்னார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு போத்தலை முந்தானையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"தாலாட்டும் பாடு புள்ள, தூங்கிரும்," என்றார் அப்பு.

முந்தானை நனைந்து, உடம்புச் சூடு ஏறிய பிறகு எடுத்து ஜன்னலில் காட்டினேன். கலக்கம் போய்த் தேன் நிறம் திரும்பியிருந்தது. துரை தானே திறந்து, ஊற்றி, குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கிளாஸ் ஊற்றினார். பெட்டிகள் கிளப்புக்கே திரும்பிப் போயின.

வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சரக்கு கெட்டது என்று யாராவது சொன்னால், உங்கள் கையை விட்டுப் போன பிறகு அதற்கு என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள். கொட்டிவிட்டால் கேட்க முடியாது.

அதற்குப் பிறகு, பெட்டி வண்டியில் ஏறும்போதெல்லாம் துரை வாசலில் நின்று என் பெயரைச் சொல்லி ஒன்றுதான் கேட்பார்: "மீனாச்சி பாத்தாச்சா?"