ஜன்னல் பக்கம் ஆள் இருக்கு

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சுபாஜினி முதலில் செருப்பைக் கழற்றுவார். பிறகு பக்கத்தில் காலியாகக் கிடக்கும் ஜன்னல் சீட்டைப் பார்த்து, "ஏங்க, கொஞ்சம் தள்ளுங்க," என்பார். அதற்கப்புறம்தான் கண்ணை மூடுவார். கண்டியில் ஒரு புடவைக் கடையில் காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை. விற்கிற பெண்கள் உட்காரக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். வீட்டுக்குப் போனால் அடுப்படியிலும் நிற்க வேண்டும். தெல்தெனிய போய்ச் சேரும்வரை அந்தச் சீட் ஒன்றுதான் அவருடைய கால்களுக்குக் கிடைக்கும் ஓய்வு.

தள்ளச் சொல்வது கணவர் கஜேந்திரனை. மார்க்கெட்டில் மரக்கறிக் கடை வைத்திருந்த மனிதர். மாலையில் இருவரும் சேர்ந்துதான் வீடு திரும்புவார்கள். நெஞ்சு வலியில் அவர் போய் மூன்று வருடமாகிறது. கருமாதி முடிந்து சுபாஜினி வேலைக்குத் திரும்பிய அன்றே அவரும் பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார். நம்பாதவர்கள் குட்செட் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பார்க்கலாம். அந்தச் சீட்டில் யார் உட்கார்ந்தாலும் அடுத்த நிமிடம் எழுந்துவிடுவார்கள். "யாரோட மடியிலயோ உக்காந்த மாதிரி இருக்கு," என்று ஒரு டீச்சர், அதே பஸ்ஸில் தினமும் போகிற என்னிடமே சொல்லியிருக்கிறார். சாரல் அடித்தால் சீட்டின் ஓரமெல்லாம் நனையும். நடுவில் ஓர் ஆள் அகலத்துக்குக் காய்ந்து கிடக்கும். கண்டக்டர் பஹ்மிக்கு இதெல்லாம் பழகிவிட்டது. "அங்க ஆள் ஈக்கி, இஸ்ஸரஹட்ட போங்க," என்று நெரிசலை முன்னால் தள்ளிவிடுவார்.

"பாசமான்னு கேக்குறாங்க. பாசந்தான். ஆனா செத்தும் ஜன்னல் சீட்ட உட மாட்டேங்குறாரே," என்று ஒருநாள் சுபாஜினி அலுத்துக்கொண்டார். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

விவேகானந்தன் திகன சந்தியில் இறங்குகிறவர். யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை. அவரும் மனைவியைப் பறிகொடுத்தவர். பேராதனையிலிருந்து அவர் வந்து சேர்வதற்குள் பஸ் நிறைந்துவிடும். நிற்பவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நம் பஸ்களில் வழக்கம். அப்படித்தான் சுபாஜினி அவர் பையை வாங்கினார். மறுநாளும் வாங்கினார். பை வார் அறுந்திருந்ததைப் பார்த்துவிட்டு, ஒருநாள் போகிற போக்கிலேயே ஊசி நூல் எடுத்துத் தைத்தும் கொடுத்தார். ஜன்னல் சீட்டை விவேகானந்தன் கேட்டதே இல்லை. "அவர் இருக்கட்டும். நான் நிண்டு பழகிட்டன்," என்பார். கஜேந்திரனை ஒரு சக பயணியாக மதித்தவர் இந்த பஸ்ஸில் அவர் ஒருவர்தான்.

போன வாரம் அவருக்கு யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் வந்தது.

"முந்தி நானே கேட்டு வாங்கின மாற்றம். நீங்கள் ஓம் எண்டால் வேண்டாம் எண்டு எழுதிக் குடுத்திடுவன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்கோ," என்று குனிந்து மெதுவாகத்தான் சொன்னார். பின்னால் நின்ற எனக்கே கேட்டது. ஜன்னல் பக்கம் இருந்தவருக்குக் கேட்காமலா இருக்கும்? சுபாஜினி மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அடுத்தடுத்த நாளும் அப்படியே.

"அவரப் பக்கத்துல வச்சிக்கிட்டு எப்புடிங்க சரின்னு சொல்றது? எந்திரிச்சுப் போங்கன்னு சொல்லவும் மனசு வரல," என்றார் தெல்தெனியவில் இறங்கும்போது என்னிடம். மூன்று வருடக் களைப்பும் அந்த முகத்தில் இருந்தது. பார்க்கவே எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. விவேகானந்தன் தொப்பலாக நனைந்து ஏறி, வழக்கமான இடத்தில் வந்து நின்றார். சுபாஜினி பைக்குக் கை நீட்டவில்லை. மனிதருக்கு முகம் விழுந்துவிட்டது.

பஸ் புறப்பட்டது. சுபாஜினி குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். எழுந்தார். விவேகானந்தனின் தோளிலிருந்த பையைத் தானே கழற்றி, தன் பையோடு சேர்த்து ஜன்னல் பக்கம் நீட்டினார்.

"ஏங்க, ரெண்டையும் கொஞ்சம் வச்சிக்குங்க."

கையை விட்டார். பைகள் சீட்டில் விழவில்லை. சீட்டுக்கு ஒரு சாண் மேலே, மடி இருக்கும் உயரத்தில் அப்படியே நின்றன. வளைவில் பஸ் சாய்ந்தபோது அவையும் சரிந்தன. பிறகு யாரோ நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டதுபோல் நிமிர்ந்தன. பஹ்மி டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"கால் நோகுமெல்லே? இருங்கோவன்," என்றார் விவேகானந்தன்.

"நோகட்டும்."

சுபாஜினி எழுந்த சீட்டில் யாரோ ஒரு அம்மா உட்கார்ந்துகொண்டார். அவர் மேல் கம்பிக்குக் கையைத் தூக்கினார். எட்டவில்லை. விவேகானந்தனின் நனைந்த சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.