பையின் அடியில் ஒளித்த ஃபைல்

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து போனதெல்லாம் கல்யாண வீட்டுக்கு, இல்லையென்றால் கருமாதி வீட்டுக்கு. அதனால் சிங்கப்பூருக்கு நாலு நாள் போய் வரலாம் என்று அவர் சொன்னபோது, எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முந்திக்கொண்டு வந்தது. அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கனம் தூக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

ஆகவே இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கைப்பை, ஏழு கிலோ. தூக்கப்போவது நான். நான் தூக்குவதே அவருக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் துணிகளைக் கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தோம். சண்டை வந்தது ஆஸ்பத்திரி ஃபைலில்தான். ஈசிஜி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்ந்து ஒன்றரை கிலோ இருக்கும். அது வேண்டவே வேண்டாம் என்று அலமாரியில் வைத்துப் பூட்டினார். நானும் சரி என்று தலையாட்டினேன். அவர் குளிக்கப் போனதும் சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து, என் சேலை ஒன்றைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு, ஃபைலைப் பையின் அடியில் செருகிவிட்டேன். எனக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை.

விமானம் திருச்சியிலிருந்து. போகிற வழியில் சிதம்பரத்தில் என் அண்ணன் வீட்டில் சாப்பிட இறங்கினோம். அண்ணன் மகன் சிங்கப்பூரில்தான் வேலை பார்க்கிறான். யார் வெளிநாடு கிளம்பினாலும் அங்கிருக்கும் பிள்ளைக்கு ஒரு பொட்டலமாவது போய்ச் சேர வேண்டும், எங்கள் பக்கத்து வழக்கம் அது. முடியாது என்றால் காலத்துக்கும் அந்தப் பேச்சு நிற்கும். அண்ணி முறுக்கும் மோர் மிளகாயும் பருப்புப் பொடியும் கட்டி வைத்திருந்தார். எடை தாங்காது என்று நான் வாயைத் திறப்பதற்குள், இவர் “குடுங்க, எடுத்துட்டுப் போறோம்” என்று பையைத் திறந்து இடம் ஒதுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஃபைல் வெளியே வந்தது. அண்ணியும் அண்ணனும் ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டார்கள்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் சேர்ந்து கத்தியிருப்பேன். “நாலு நாளாவது என்னை நோயாளியா இல்லாம கூட்டிட்டுப் போவக் கூடாதா?” என்றார்.

எனக்கு அழுகை முட்டியது. “நீங்க எங்கியாவது சுருண்டு வுழுந்துட்டா, நான் யாருகிட்ட போயி என்னன்னு சொல்லுவேன் மாமா?” என்றேன்.

அவர் ஃபைலைத் திறந்தார். பிறகு அதிலிருந்து ஒரே ஒரு தாளை, ஆபரேஷன் விவரமெல்லாம் சுருக்கமாக உள்ள டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும், உருவி நாலாக மடித்து என் பர்ஸில் வைத்தார். மீதியை அண்ணனிடம் கொடுத்தார். அந்த இடத்தில் முறுக்குப் பொட்டலம் உட்கார்ந்துகொண்டது.

திருச்சி பஸ்ஸில் அவரிடம் எனக்குப் பாடம் ஆரம்பமாயிற்று. மாத்திரைகளின் பெயர், ரத்த வகை, ஆபரேஷன் நடந்த மாதம், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் சொல்ல வேண்டிய இரண்டு வரி இங்கிலீஷ். தப்பாகச் சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து. காட்டுமன்னார்கோயில் தாண்டுவதற்குள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது, பத்தாங்கிளாஸில்கூட என்னை இப்படி யாரும் படுத்தியதில்லை. மீன்சுருட்டி வந்தபோது ஒரு தடங்கலும் இல்லாமல் முழுதாக ஒப்பித்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவையும் இத்தனை வரிசையாக இவர் பஸ்ஸில் ஏறிய பிறகா யோசித்திருப்பார்?

“உங்களுக்கும் பயமா மாமா?” என்று கேட்டேன்.

ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். “எனக்கு ஏதாவது ஆனா ஆவட்டும். தெரியாத ஊர்ல நீ தனியா நிப்பியேன்னுதான்.”

பக்கத்து சீட்டில் ஆள் இருந்ததையும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். திருச்சியில் இறங்கும்வரை அவரும் விடவில்லை.