வெர்னா கேட்ட கஞ்சா வரி

லாரல் ஃபோர்க் மலைப்பாதையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற வெர்னா ஹாஸ்கெட்டுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது. ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு அவள்தான் தலைவி. படை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மெக்கானிக், ஒரு தபால்காரி, அங்கே சட்டம் அனுமதித்துவிட்ட கஞ்சாவைப் பயிரிடுகிற நாலைந்து பேர். வண்டி ஒன்றே ஒன்று. அதுவும் வேறொரு ஊர் வேண்டாமென்று கழித்துக் கட்டியது.

ஓர் ஆகஸ்டில் ஸ்கோஃபீல்ட் தம்பதியின் வீடு தீப்பிடித்தபோது அந்த வண்டி பாதி மேட்டில் நின்றுவிட்டது. மெக்கானிக் அடியில் படுத்து எதையோ தட்டிக்கொண்டிருக்க, மரங்களுக்கு மேலே புகை தடித்துக்கொண்டே போவதை வெர்னா நின்று பார்த்தாள். போய்ச் சேர்ந்தபோது புகைபோக்கி மட்டும் மிச்சம். நல்லவேளையாக உயிருக்குச் சேதமில்லை. ஸ்கோஃபீல்டின் மனைவி அவள் கையைப் பிடித்து, "பரவால்ல வெர்னா, நீ என்ன பண்ணுவ" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

அடுத்த வருஷத் தேர்தலில் கஞ்சா வரி வந்தது. உரிமம் வாங்கிப் பயிரிடுகிறவர்கள் தோட்டத்தின் பரப்பளவுக்கு ஏற்ப மாவட்டத்துக்கு வரி கட்ட வேண்டும். வேண்டுமா வேண்டாமா என்று மக்கள் ஓட்டுப் போட்டுச் சொல்ல வேண்டும். வீடுவீடாக வந்த பிரசாரத் தாளில் பளபளவென்று ஒரு சிவப்புத் தீயணைப்பு வண்டி. வெர்னா அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள். பிறகு ஓட்டுக் கேட்கக் கிளம்பினாள். முதலில் போனது லைமன் ரஸ்க்கிடம். அவளுடைய படையில் ஆள். முப்பது வருஷமாக அதே மலையில் கஞ்சா பயிரிடுகிறவன்.

"என் வீட்டுக்கே வந்து என் தோட்டத்துக்கு வரி போடச் சொல்லிக் கேக்குற. உனக்குக் கொஞ்சமாவது வெக்கம் இருக்கா?"

"இல்ல. தீப்பிடிச்சா உன் வீட்டுக்கும் நாந்தான் வரணும்."

"அந்த ஓட்ட வண்டியிலயா? நான் வாளியிலயே அள்ளி ஊத்திக்கிறேன்."

"அதான் புதுசு கேக்குறேன், லைமன்."

அவன் தாடியைச் சொறிந்தான். கஞ்சா குற்றமாக இருந்தபோது, போலீஸ் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் செடிகளை விட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடி ஒளிந்த காலம் அவனுக்கு இன்னும் மறக்கவில்லை. "சரி, போடறேன். வரி கட்டுற ஆளுன்னா எங்களையும் மனுஷனா மதிப்பானுங்கல்ல" என்றான். தன் வேலியிலேயே வரிக்கு ஆதரவான பலகையை நட்டான். அவனைப் பார்த்து மற்ற தோட்டக்காரர்களும் முனகிக்கொண்டே சம்மதித்தார்கள்.

வரி மயிரிழையில் வென்றது. பணமும் வந்தது. மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரிஃபுக்குப் புதுக் கார்கள், மாவட்ட அலுவலகத்துக்குப் புதுக் கூரை, உரிமத்தைச் சோதிக்கப் புதிதாக ஆட்கள். அந்த ஆட்கள் முதலில் வந்து நின்றது லைமன் தோட்டத்தில். சிவப்பு வண்டி மட்டும் வரவில்லை.

வெர்னா விடுப்புப் போட்டுவிட்டு மாவட்ட வாரியக் கூட்டத்துக்குப் போனாள். பொதுமக்கள் பேச மூன்று நிமிஷம். அவள் பிரசாரத் தாளைத் தூக்கிக் காட்டினாள்.

"இது என்ன வண்டி? எப்ப வரும்?"

வாரியத் தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "மேடம், தீர்மானத்துல தீயணைப்புக்குப் 'பயன்படுத்தலாம்'னுதான் இருக்கு. 'பயன்படுத்தணும்'னு இல்ல."

"படம் போட்டீங்களே?"

"அது பிரசாரக் குழு போட்டது. நாங்க இல்ல."

"நீங்க சொல்லித்தானே நான் ஊரெல்லாம் போய்..."

மணி அடித்தது. ஒலிவாங்கி அணைந்தது. அவள் கத்திப் பேசினாள். பின்வரிசையில் இருந்தவர்கள் நெளிந்தார்கள்.

அவள் விடவில்லை. மாதாமாதம் போய் நின்றாள். கடைசியில் வாரியம் அலுத்துப்போய் அவள் கேட்டதைத் தேர்தலுக்கு விட்டது: பழைய வரியைப் பாதியாகக் குறைத்து, மறுபாதிக்குத் தீயணைப்புக்கு மட்டுமே என்று ஒரு புது வரி. ஆனால் அப்படி இன்னதற்குத்தான் என்று கட்டிப்போட்ட வரிக்குப் பாதிக்கு மேல் ஓட்டு போதாது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எதற்குச் செலவழிப்போம் என்று சொல்லாமல் கேட்டால் பாதி போதும். வெர்னாவுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது.

அதற்குள் கஞ்சா விலை படுத்துவிட்டது. வரியோ விற்றதற்கு அல்ல, நிலத்துக்கு. விளைந்து வீணானாலும் கட்ட வேண்டும். அவள் மறுபடி வாசல் ஏறியபோது தோட்டக்காரர்கள் கதவைப் பாதிதான் திறந்தார்கள்.

"ஒரு தடவ உன்ன நம்பியாச்சு வெர்னா. போதும்" என்றாள் தபால்காரியின் அக்கா. அவளுக்கும் ஒரு சின்னத் தோட்டம் இருந்தது.

"இந்தத் தடவ 'லாம்' கெடயாது. நானே படிச்சுப் பாத்தேன்."

"அப்பவும் படிச்சிருக்கலாமில்ல?"

வெர்னா அடுத்த வாசலுக்கு நடந்தாள்.

நூற்றுக்கு அறுபத்து மூன்று பேர் ஆமாம் என்று ஓட்டுப் போட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு; வரி தோற்றுப்போனது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு தகப்பன், "நெறையப் பேரு ஆதரிச்சிருக்காங்களே, வெர்னா" என்று ஆறுதல் சொன்னபோது அவள் கதவை மூடும் பொத்தானை அழுத்தினாள்.

இலையுதிர் காலத்தில் லைமன் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தான். ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போவதாகச் சொல்லி அனுப்பி, அவளை வரச் சொன்னான். போனபோது பசுமைக் குடில்களின் பிளாஸ்டிக் உரிக்கப்பட்டு வெறும் வளையங்கள் நின்றன.

"நீ அந்தப் புது வரிக்கு ஓட்டுப் போட்டியா?" என்றாள் வந்ததும் வராததுமாக.

"வேணாம்னு போடல."

"ஆமான்னு போட்டியா?"

"அதுவும் போடல. அந்தக் கட்டத்த அப்படியே விட்டுட்டேன்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கை வரல, வெர்னா. வரி கட்டிக் கட்டி ஓஞ்சு போச்சு."

அவள் வேலிக் கம்பத்தை ஓர் உதை விட்டாள். கால்தான் வலித்தது. யார் மேல் கோபம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. இவன் மேலா, வாரியத்தின் மேலா, அன்று இவனை வலிய வந்து சம்மதிக்க வைத்த தன் மேலா?

லைமன் மேட்டில் இருந்த இரண்டு பச்சைத் தண்ணீர்த் தொட்டிகளைக் காட்டினான். செடிகளுக்காக மழைக்காலத்தில் நிரப்பிவைப்பவை. "அதுங்கள எடுத்துக்கோ. பாதையோரமா வச்சா, வண்டி நின்ன எடத்துலயாவது தண்ணி இருக்கும்."

"வித்தா காசு வருமே."

"எல்லாருந்தான் விக்கிறான். எவன் வாங்குறான்?"

நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வெர்னா மேடேறிப் போய்த் தொட்டியைக் கையால் தட்டிப் பார்த்தாள்.

"ஒழுகுதா?"

"பெருசுல அடி வால்வு லேசா ஒழுகும்."

"மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு, தன் பிக்கப் வண்டியிலிருந்து கயிற்றை எடுத்து வந்தாள்.